பிச்சாடனர் ஓவியம்: பார்ப்பவர்கள் தவறவிடும் இடங்கள்

சிதம்பரம் சிவகாமசுந்தரி அம்மன் சன்னதி மண்டபத்து விதானத்தில் நாயக்கர் கால ஓவியங்கள் இருக்கின்றன. பிச்சாடனரும் (பிச்சையெடுக்கும் கோலத்துச் சிவன்) மோகினியும் முனிவர்கள் வாழ்ந்த தாருகாவனம் போன கதை அவற்றில் ஒன்று. அண்ணாந்து பார்த்ததும் "சிவனும் பார்வதியும்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். முதல் பிழை அதுதான். கூட வரும் பெண் மோகினி வடிவெடுத்த திருமால். அவரை அம்மையாக எடுத்துக்கொண்டால், முனிவர்கள் ஏன் தவம் கலைந்து பின்னால் ஓடுகிறார்கள் என்பதே விளங்காது.

முகத்தை வைத்து ஆளைச் சொல்லாதீர்கள். இந்தக் கால ஓவியங்களில் முகங்கள் பெரும்பாலும் ஒரே அச்சு. கைகளில் இருப்பதைப் பாருங்கள். பிச்சாடனருக்கு நான்கு கை. முன் வலக்கை மானுக்குப் புல் நீட்டும், முன் இடக்கையில் கபாலம் (மண்டையோடு). பின் கைகளில் உடுக்கையும் சூலமும், சூலத்தில் மயிற்பீலி. ஆடை கிடையாது, இடுப்பில் பாம்புதான். காலில் பாதக்குறடு (மரச்செருப்பு), வலக்காலில் மணி, பக்கத்தில் பிச்சைப் பாத்திரத்தைத் தலையில் சுமக்கும் குள்ளப் பூதம். ஆடை உடுத்தி, எலும்பு கட்டிய தண்டைத் தோளில் சாய்த்திருந்தால் அவர் கங்காளர். நாய் நின்றால், கோரைப்பல் தெரிந்தால், பைரவர். மூன்றும் சிவனின் வெவ்வேறு வடிவங்கள்; மூவரையும் ஒன்றாக்கிப் பேசுபவர்கள் பலர்.

வலக்கை என்றால் உருவத்தின் வலக்கை, நம் வலப்பக்கம் அல்ல. கழுத்து வலிக்கிறதென்று கண்ணாடியில் விதானத்தைப் பார்த்தால் இடவலம் மாறிவிடும். மானும் கபாலமும் கை மாறியதுபோல் தெரியும். செல்போனின் முன்கேமராத் திரையும் அப்படித்தான் காட்டும்.

ஒரு பட்டையில் (கதைக் காட்சிகள் வரிசையாக வரும் நீள ஓவியத்தில்) சிவன் பல தடவை வந்தால் பல சிவன்கள் என்று பொருளில்லை. ஒரே ஆள், அடுத்தடுத்த கட்டங்கள். முனிவர்கள் சிவனை அழிக்க அபிசார வேள்வி (தீங்கு செய்வதற்கான வேள்வி) செய்து புலி, மான், பாம்பு, மழு, முயலகன் என்னும் குள்ள அசுரன் என ஒவ்வொன்றாக ஏவுவார்கள். அவர் புலியின் தோலை உடுத்து, பாம்பை அணிந்து, முயலகனை மிதித்து ஆடுவார். ஆகவே புலி உயிரோடு பாய்கிறதா, தோலாக இடுப்பில் இருக்கிறதா என்று பார்த்தால் கதை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். எந்தப் பட்டையும் இடமிருந்து வலமாகத்தான் ஓடும் என்று நினைக்க வேண்டாம். பாதங்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று பாருங்கள். பட்டை ஓரத்தில் எழுத்து இருந்தால் முதலில் அதைப் படியுங்கள்.

முனிபத்தினியர் உடுத்திய சேலையும் நகையும் ஓவியர் வாழ்ந்த காலத்தவை. அவற்றைக் கொண்டு கதைக்குக் காலம் கணிக்க முடியாது. கறுத்த மேனியைக் கண்டதும் காளி, கண்ணன் என்று முடிவுகட்டவும் வேண்டாம். விளக்குப் புகை ஏறியிருக்கலாம், பிற்காலத்தில் மேல்வண்ணம் பூசியிருக்கலாம். சுதை (சுண்ணாம்புப் பூச்சு) உதிர்ந்த இடத்தில் கை தெரியாவிட்டால், "முன் இடக்கை அழிந்துள்ளது" என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கபாலத்தை நீங்களாக அங்கே வைக்காதீர்கள்.