ராமநாதபுரம் கரையில் அகழாய்வு: குழி கடைசியில் வரட்டும்

அகழாய்வு என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது எங்கே குழி போடலாம் என்பதைத்தான். எங்கள் கரையோரத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ரோமக் காசு கிடைத்த பழைய துறைமுகமான அழகன்குளம் வேறு. அதற்கும் முன்னால், எழுத்து வருவதற்கு முன்பு, மீன் பிடித்தும் மாடு மேய்த்தும் வாழ்ந்தவர்களின் தடத்தைத் தேடுகிறோம் என்றால் அது ஒரே மேட்டுக்குள் அடங்காது. குடியிருப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம், இடுகாடு ஒரு பக்கம் என்று பரந்து கிடக்கும்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முறையான அனுமதி பெற்ற துறையோ பல்கலைக்கழகமோ நடத்தும் குழுவில் சேர்ந்துதான் மண்ணில் கை வைக்க வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். நடந்து பார்ப்பதற்கும் குறித்துக்கொள்வதற்கும் தடையில்லை, நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், எதையும் எடுத்துப் பையில் போடாதீர்கள்.

நடக்க நல்ல காலம் தை, மாசி. ஐப்பசி, கார்த்திகை மழை மேல்மண்ணைக் கழுவி ஓடுகளை வெளியே காட்டியிருக்கும், காலை வெயிலும் சாய்வாக விழும். ஐந்து மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடங்கள். அதற்கு முன் ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள்: எந்தத் திடலில் ஏர் ஓட்டினால் பானை ஓடு வருகிறது, கண்மாய் தூர் வாரும்போது எங்கே தாழி உடைந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கிய பள்ளங்களையும் எட்டிப் பாருங்கள், யாரோ நமக்காகத் தோண்டி வைத்த மாதிரிக் குழி அது. இன்றைய கடற்கரையை மட்டும் சுற்றினால் பிரயோஜனமில்லை. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இப்போதைவிடக் கொஞ்சம் உயர்ந்திருந்தது, அதனால் அந்தக் காலத்துக் கரை உள்ளே தள்ளி இருக்கும் மணல்மேடுகளாகவும் இருக்கலாம்.

இங்கே ஒரு பெரிய வசதி உண்டு. கரையோரம் முழுக்க மணலும் வண்டலும்தான், கருவி செய்யத் தோதான கல் கிடையாது. ஆகவே வெறும் மணலில் விரல்நகம் அளவுக்கு ஒரு வெள்ளைக் குவார்ட்ஸ் சில்லு கிடந்தால், யாரோ கையில் கொண்டுவந்ததா என்று நின்று யோசிக்க வேண்டும் (ரயில் பாதையும் ஜல்லிச் சாலையும் அருகில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு). நுண்கற்கருவிகள் பெரும்பாலும் மூன்று சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். தோண்டிய மண்ணை இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்காமல் கொட்டினால் பாதி போய்விடும்.

தேரி எனப்படும் செம்மணல் மேடுகளில் ஒரு பொறி இருக்கிறது. காற்று மணலை அள்ளிக்கொண்டு போகும், கனமான பொருள்கள் அப்படியே கீழே இறங்கி ஒரே தரையில் தங்கும். கல் கருவியும் கருப்பு சிவப்புப் பானை ஓடும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன என்பதற்காக இரண்டும் ஒரே காலம் என்று எழுதிவிடாதீர்கள். அவற்றுக்கு நடுவே பல ஆயிரம் ஆண்டுகள் இருக்கலாம்.

சரி, குழிக்கு வருவோம். பத்து மீட்டர்ச் சதுரத்தை நான்காகப் பிரித்து நடுவில் மண் வரப்பு விடுவது வழக்கம், ஆனால் மணலில் செங்குத்துச் சுவர் நிற்காது. ஆழம் போகப் போகப் படிபடியாக உள்வாங்கி இறங்குங்கள், இடுப்பளவு தாண்டிய குழியில் யாரையும் தனியாக விடாதீர்கள். மண்ணடுக்கைப் படிக்க, அதிகாலையில் சுவரில் மெல்லத் தண்ணீர் தெளித்தால் நிறவேறுபாடு துலங்கும். வட்டமாகக் கருத்த மண் தெரிந்தால் முழுதாக அள்ளிவிடாமல் பாதியை மட்டும் வெட்டிப் பாருங்கள். கம்பம் நட்ட குழியா, எலி வளையா, பனை வேர் போன இடமா என்பதை வெட்டுமுகம்தான் சொல்லும்.

காலக்கணிப்புக்கு (அதாவது, பொருளில் உள்ள கார்பனை வைத்து வயதைக் கணக்கிட) கரி எடுப்பதில் நம் மாவட்டத்துக்கென்றே ஒரு தொல்லை: விறகை மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம். சீமைக்கருவேலக் கரி எங்கும் சிதறிக் கிடக்கிறது, வேர்த்தடம் வழியாகவும் வளை வழியாகவும் கீழே இறங்கிவிடுகிறது. மேலே கலையாத அடுக்கு மூடியிருக்கும் அடுப்புக்குள்ளிருந்து எடுங்கள். மரக்கரியைவிடக் கருகிய தானியம் நல்லது, அது ஒரே பருவத்தில் விளைந்தது. சிப்பியும் சங்கும் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் கடல்நீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால் அவை உண்மையைவிடச் சில நூறு ஆண்டுகள் மூத்த வயதைக் காட்டும், திருத்தம் செய்யாமல் பயன்படுத்தக் கூடாது.

ஓடுகளில் உப்பு ஊறியிருக்கும். காய்ந்ததும் அது மணியாகத் திரண்டு மேற்பரப்பை உரித்துவிடும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். சரியாகச் சுடாத பானை தண்ணீரில் கரையும், எனவே முதலில் ஒரு சின்னத் துண்டில் சோதியுங்கள். சில ஓடுகளைக் கழுவாமலே தனியாக வையுங்கள், உள்ளே ஒட்டிய உணவுப் படிவை ஆய்வகம் பார்க்கலாம்.

முடிந்ததும் குழியை மூடியே ஆக வேண்டும், மழையில் ஆடு மாடு விழும். அடியில் தார்ப்பாய் விரித்து, ஆண்டு எழுதிய தகடு ஒன்றைப் போட்டுவிட்டு மண்ணைத் தள்ளுங்கள். பிறகு அங்கே தோண்டுபவருக்கு நாம் எதுவரை போனோம் என்பது அதிலிருந்து தெரியும்.