படைவீரர்களிடம் மனநல ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எத்தனை பேரிடம் கேட்பது, எந்தப் புள்ளியியல் சோதனை போடுவது என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. புதிதாக வருபவர்கள் வருடா வருடம் சறுக்குகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

அதிகாரி இருக்கும் அறையில் மனநிலை கேட்பது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. சமீபத்தில் ஒரு மாணவர் ஒரு யூனிட்டில் கேள்வித்தாள் கொடுத்தார். வீரர்களை வரிசையாக உட்கார வைத்தது சுபேதார், தாள்களை வாங்கி அடுக்கியதும் அவரே, போதாததற்கு தாளின் மேலே பெயரும் சர்வீஸ் நம்பரும் கேட்டிருந்தது. கிட்டத்தட்ட எல்லோரும் நன்றாகத் தூங்குகிறார்கள், யாருக்கும் கவலை இல்லை என்று முடிவு வந்தது, அவரும் அதை நம்பி அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டார். மெடிக்கல் கேட்டகரி (பணிக்கான உடல், மனத் தகுதி நிலை) இறங்கும், பிரமோஷன் போகும் என்று பயப்படும் ஒருவர் அங்கே உண்மையை எழுதுவாரா?

போர்க்களத்திலிருந்து திரும்பிய ஓர் அமெரிக்கப் பிரிகேடில் 2008-இல் இதைச் சோதித்தார்கள். பெயர் போட்ட வழக்கமான ஸ்கிரீனிங்கை விட, பெயரில்லாத தாளில் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், உதவி வேண்டும் என்ற விருப்பம் எல்லாம் 2 முதல் 4 மடங்கு அதிகமாக வந்தன. பெயர் போட்ட தாளை மட்டும் நம்பியிருந்தால் இத்தனை பேரின் கஷ்டம் வெளியே தெரிந்தே இருக்காது.

அதனால் அதிகாரியை வெளியே அனுப்புங்கள், பூட்டிய பெட்டியில் தாளைப் போடச் சொல்லுங்கள். ரேங்க், வயது, சொந்த மாநிலம் மூன்றையும் சேர்த்துக் கேட்டால் சின்ன யூனிட்டில் ஆள் யாரென்று தெரிந்துவிடும், அதையும் குறையுங்கள். ஆனால் ஒன்று, பெயரில்லாத தாளில் ஒருவர் தற்கொலை பற்றி எழுதினால் அவரைத் தேடிப் போக முடியாது. அன்றைக்கே அங்கே ஒரு டாக்டர் இருக்க வேண்டும், அவரைப் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கக் கூடாது.

"தூக்கம் வருகிறதா?" என்று கேட்டு நிறுத்திக்கொள்வது

2003-இல் வெளியான ஓர் ஆய்வில் 14 நாட்கள் தினமும் 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம், இரண்டு இரவு வரை முழுதாக விழித்தவர்கள் அளவுக்குக் கெட்டிருந்தது. ஆனால் அந்தக் குறைவாகத் தூங்கியவர்களோ லேசான தூக்கக் கலக்கம்தான் என்றார்கள். அதனால் கேள்வியோடு, வெளிச்சம் தெரிந்ததும் பொத்தானை அழுத்தும் 10 நிமிட ரியாக்‌ஷன் டைம் சோதனையும் சேர்த்து வையுங்கள்.

பழக விடாமல் நினைவாற்றலை அளப்பது

முதல் சுற்றில் ஆள் சோதனைக்கே பழகிக்கொண்டிருப்பார், அந்த மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஐந்து நிமிடச் சோதனையில் காவல் பணியை அளப்பது

பிரிட்டனில் ரேடார் பார்ப்பவர்கள் நேரம் போகப் போகச் சிக்னலைத் தவறவிடும் பிரச்சினைக்காக, உளவியலாளர் நார்மன் மேக்வர்த் ஒரு கடிகாரச் சோதனை செய்தார். அதில் முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவுவதைக் கண்டுபிடிக்க வேண்டும்; முதல் அரை மணி நேரத்துக்கு அப்புறமே அதைத் தவறவிடுவது கூடிவிட்டது. அவர் ஆட்களை 2 மணி நேரம் உட்கார வைத்ததால்தான் அது தெரிந்தது.