கீமோ நாட்களில் காய்ச்சலா? கேஷுவாலிட்டிக்குப் போகும் முன்னும் போன பின்னும்

அம்மாவுக்கு மூன்றாவது கீமோ ஏற்றி ஒன்பதாம் நாள், ராத்திரி பதினோரு மணிக்கு உடம்பு சுட்டது. ஒரு பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைத்தேன். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது காய்ச்சல் 99-க்கு இறங்கியிருந்தது. "ஓ.பி.யில டோக்கன் போடுங்க" என்றார்கள். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பிற்பகலில் ரிசல்ட் வந்தது, வெள்ளை அணு அடிமட்டத்தில். அம்மா தேறிவிட்டார். நான் செய்த தப்பு இரண்டு: மாத்திரை கொடுத்தது, கவுண்ட்டரில் "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னது.

கீமோ மருந்து, ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கும். பல மருந்துகளில் 7-லிருந்து 14-ஆம் நாளுக்குள் வெள்ளை அணு எண்ணிக்கை (ஆஸ்பத்திரியில் "கவுண்ட்" என்பார்கள்) மிகவும் இறங்கும். சீழ் பிடிப்பதும் சளி கட்டுவதும் அந்த அணுக்களால்தான். அவை இல்லாதபோது உள்ளே தொற்று பரவினாலும் வெளியே ஒன்றும் தெரியாது. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம், சில பேருக்கு அதுவும் வராது. அதனால்தான் இது நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற காய்ச்சல் இல்லை.

படி 1: முன்கூட்டியே ஒரு பை. டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஃபைல், கடைசி ரத்தப் பரிசோதனை, காப்பீட்டு அட்டை, போன் சார்ஜர். ஃபைலின் முதல் தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: எந்தப் புற்றுநோய், என்னென்ன கீமோ மருந்து, கடைசியாக ஏற்றிய தேதி, எந்த மருந்துக்கு அலர்ஜி, கீமோ வார்டு போன் நம்பர். ராத்திரி ஒரு மணிக்கு டியூட்டி டாக்டர் நாற்பது பக்க ஃபைலைப் புரட்ட மாட்டார்.

படி 2: கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், அளந்து பாருங்கள். நாக்குக்கு அடியில் வையுங்கள். சூடாகக் காபி குடித்திருந்தால் கால் மணி நேரம் கழித்து. அக்குளில் வைத்தால் கொஞ்சம் குறைவாகவே காட்டும். ஆசனவாயில் மட்டும் வைக்கவே கூடாது. அங்கே ஒரு சின்னக் கீறல் போதும், கிருமி உள்ளே போக. எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் வார்டுக்கு உடனே போன் செய்து கிளம்புங்கள். 101 என்றால் போனுக்காகக்கூட நிற்க வேண்டாம். அளந்து, டாக்டரிடம் சொல்லும் வரை பாராசிட்டமால் வேண்டாம், காய்ச்சலை அது மறைத்துவிடும். வாந்திக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டும் மறைக்கும். அதனால் காய்ச்சல் இல்லாமல் குளிர் நடுக்கம் வந்தாலும், ஆள் ஒரு மாதிரி குழம்பிப் பேசினாலும் கிளம்ப வேண்டியதுதான். மூச்சுத் திணறல், நிற்காத ரத்தக் கசிவு, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, முதுகுவலியோடு கால் பலமிழப்பது, இவையும் அப்படியே. வண்டி இல்லையென்றால் 108.

படி 3: வாசலில் சொல்ல வேண்டிய ஒரே வாக்கியம். "கீமோ எடுத்துக்கிட்டிருக்காங்க, ஒன்பது நாள் ஆச்சு, காய்ச்சல் 101, கவுண்ட் குறைஞ்சிருக்கலாம்." இந்த வரிசையில்தான். முதல் சொல்லே கீமோவாக இருக்கட்டும். செக்யூரிட்டியிடம், நர்ஸிடம், டாக்டரிடம், மூன்று முறை சொல்ல வேண்டிவரும். சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். கூடவே மாஸ்க் போட்டுவிட்டு, இருமுகிறவர்கள் பக்கத்தில் இல்லாமல் தனி இடம் கேளுங்கள்.

படி 4: உள்ளே நடப்பது. வந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் நரம்பு வழியே ஏறிவிட வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள வழிகாட்டுதல். அதற்கு முன் கல்ச்சருக்கு, அதாவது ரத்தத்தில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, ரத்தம் எடுப்பார்கள். போர்ட் (கீமோ ஏற்றத் தோலுக்கு அடியில் வைத்த சின்னக் கருவி) இருந்தால் அதிலிருந்து ஒன்று, கையிலிருந்து ஒன்று. ரிசல்ட் வரும் வரை மருந்தை நிறுத்தி வைக்க மாட்டார்கள், வைக்கவும் கூடாது. நேரம் போய்க்கொண்டே இருந்தால், "கல்ச்சர் எடுத்தாச்சா, ஆன்டிபயாட்டிக் போட்டாச்சா?" என்று மரியாதையாகக் கேட்கலாம்.

போர்ட்டில் சாதாரண ஊசியைக் குத்த விடாதீர்கள், அதற்கென்று தனி ஊசி இருக்கிறது. அது கைவசம் இல்லையென்றால் கையில் லைன் போடச் சொல்லுங்கள், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இடுப்பில் ஊசி போட வந்தால், தட்டணு (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். குறைவாக இருந்தால் போட்ட இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நீங்களே ஒரு கணக்குப் போடலாம். மொத்த வெள்ளை அணு 1,200, அதில் கிருமியோடு போராடும் வகையான நியூட்ரோஃபில் 30 சதவீதம் என்றால், 1,200-ல் 30 சதவீதம் 360. இந்த நியூட்ரோஃபில் எண்ணிக்கை 500-க்குக் கீழே என்றால் ஆபத்தான எல்லை. சில லேப்களில் நியூட்ரோஃபிலை பாலிமார்ப்ஸ் என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். எங்கள் சித்தப்பா மொத்த எண்ணை மட்டும் பார்த்து "ஆயிரத்துக்கு மேல இருக்கே, பரவாயில்லை" என்றார்.

அட்மிஷனா வீடா என்பதை டாக்டர் முடிவு செய்வார். ரத்த அழுத்தம் சரியாக இருந்து, வேறு நோய் இல்லாமல், வாயால் சாப்பிட முடிகிறவர்களைச் சில நேரம் மாத்திரையோடு அனுப்புவார்கள், வீடு பக்கத்தில் இருந்தால்.

படி 5: வீட்டுக்குப் போகும் முன். அடுத்த கீமோ தள்ளிப்போகுமா, அளவு குறையுமா என்று உங்கள் புற்றுநோய் டாக்டரிடம் கேளுங்கள். கவுண்ட் ஏற்றும் ஊசி எழுதிக் கொடுத்தால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. கல்ச்சர் முழு ரிசல்ட் வர சில நாள் ஆகும். பெரும்பாலும் நாம் வீடு வந்த பிறகுதான் அது வரும், யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். லேப் நம்பரையும் சாம்பிள் நம்பரையும் வாங்கி, அந்த முதல் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.