'விதின் ஃப்ரைடே' என்று மெயில் அனுப்பாதீர்கள்

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசும்போது வினைச்சொல்கூடச் சரியாக வந்துவிடும். சறுக்குவது இன், ஆன், அட், டு மாதிரியான சின்னச் சொற்களில்தான். அந்த வேலையைத் தமிழில் பெயர்ச்சொல்லோடு ஒட்டிவரும் வேற்றுமை உருபு செய்கிறது. உருபை மனசுக்குள் மொழிபெயர்த்தால் தப்பு நிச்சயம்.

நம் 'இல்' ஒன்றே ஒன்று. ஆங்கிலத்திலோ காலையில் என்றால் 'இன் தி மார்னிங்', இரவில் என்றால் 'அட் நைட்'. கிழமை சேர்ந்துவிட்டால் 'ஆன் மண்டே மார்னிங்'. பஸ்ஸிலும் ரயிலிலும் போனால் 'ஆன்', காரிலும் ஆட்டோவிலும் போனால் 'இன்'. உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டிக்கு 'ஆன்' என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது.

ஆபீஸில் அதிகம் குழப்புவது 'வெள்ளிக்கிழமைக்குள்' என்பதுதான். 'உள்' இருப்பதால் 'விதின் ஃப்ரைடே' என்று எழுதிவிடுகிறோம். விதின் கால அளவுக்கு உரியது: 'விதின் டூ டேஸ்'. கெடு நாளைச் சொல்ல 'பை ஃப்ரைடே' வேண்டும். 'பிஃபோர் ஃப்ரைடே' என்று எழுதினால் வியாழனே கடைசி நாள். 'டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளி வரை வேலை நடந்துகொண்டே இருக்கும் என்று அர்த்தம். ஒரு சொல் மாறினால் எதிரில் இருப்பவர் ஒரு நாள் முன்னதாகவே ஃபைலை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார். அதனால் இதை மட்டுமாவது இன்றைக்கே திருத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம், தேவையே இல்லாத இடத்தில் போடுவது. 'டிஸ்கஸ் அபௌட்' வேண்டாம். 'பற்றி' என்பது டிஸ்கஸுக்குள்ளேயே இருக்கிறது. 'அவனிடம் சொன்னேன்' என்பதில் உள்ள 'இடம்' நம்மை 'ஐ டோல்ட் டு ஹிம்' என்று சொல்லவைக்கிறது. 'ஐ டோல்ட் ஹிம்' போதும். செட் (said) என்றால்தான் 'டு' கேட்கும். எக்ஸ்ப்ளெய்ன், டோல்டுக்கு நேர் எதிர்: 'எக்ஸ்ப்ளெய்ன் மி' தவறு, 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மி' சரி.

'பத்து வருஷமா இங்கே இருக்கேன்' என்பதற்கு 'சின்ஸ் டென் இயர்ஸ்' சொல்கிறவர்கள் ஏராளம். சின்ஸுக்குத் தொடங்கிய புள்ளி வேண்டும்: 'சின்ஸ் 2015'. கால அளவுக்கு ஃபார்: 'ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்'.

இன்னும் சில உண்டு. கணக்கில் கெட்டி என்றால் 'குட் அட் மேத்ஸ்'. ஒருவரோடு கல்யாணம் என்றாலும் 'மேரீட் வித்' அல்ல, 'மேரீட் டு'. நாயைப் பார்த்துப் பயம் என்றால் 'அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்'. இவற்றுக்கு விதி தேடிப் பயனில்லை. நோட்டில் எழுதும்போது 'அஃப்ரெய்ட்' என்று தனியாக எழுதாமல் 'அஃப்ரெய்ட் ஆஃப்' என்று சேர்த்தே எழுதி, பக்கத்தில் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் போடுங்கள்.