பின்லாந்தின் ஏரி ஓவியங்களைப் பார்ப்பது எப்படி?

ஏரி, பாறை, பைன் மரம், மேகம் என்று பின்லாந்தின் நிலக்காட்சி ஓவியங்கள் எல்லாமே முதல் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தோன்றும். அவற்றில் ஒரு தேசம் உருவானதைக் காண வேண்டுமானால், முதலில் ஓவியம் தீட்டப்பட்ட ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 1809 வரை சுவீடனின் ஆட்சியிலும், அதன்பின் ரஷ்யப் பேரரசருக்குக் கீழ்ப்பட்ட தன்னாட்சிப் பகுதியாகவும் இருந்த பின்லாந்து, 1917 டிசம்பர் 6 அன்றுதான் விடுதலையை அறிவித்தது. 1899 பிப்ரவரியில் இரண்டாம் நிக்கோலாஸ் வெளியிட்ட ஆணை, இருந்த தன்னாட்சியையும் சுருக்கப் பார்த்தது.

அடுத்து, ஓவியர் எந்த இடத்தில் நின்று பார்க்கிறார் என்று கவனியுங்கள். ஏரோ யார்னெஃபெல்ட் மீண்டும் மீண்டும் தேடிப் போனது, கிழக்கே பியெலினென் ஏரிக்கரையில் 347 மீட்டர் உயரத்துக்கு எழும் கோலிக் குன்றை. கரையில் நின்றால் ஓர் ஊரின் படித்துறைதான் கண்ணில் படும். குன்றின் மேலிருந்து பார்த்தாலோ, யாருடைய வேலியும் தெரியாமல் தீவுகளும் காடுகளும் அடிவானம்வரை ஒரே நிலமாக விரிகின்றன.

பிறகு, ஓவியத்தில் என்ன இல்லை என்று கேளுங்கள். இதே யார்னெஃபெல்ட் 1893-இல் தீட்டிய 'கஸ்கி' ஓவியத்தில், பயிரிடுவதற்காக எரிக்கப்படும் காட்டின் புகைக்கு நடுவே, கரி படிந்த முகத்துடன் ஓர் ஏழைச் சிறுமி நம்மையே நேருக்கு நேர் பார்க்கிறாள். அதைப் பார்த்துவிட்டு கோலிக் காட்சிகளுக்குத் திரும்பினால், அங்கே ஆளில்லாமல் கிடக்கும் வெளி தற்செயலானதல்ல என்பது புரியும்.

அக்செலி கல்லென்-கல்லேலா 1905-இல் தீட்டிய கெய்தேலே ஏரி ஓவியத்துக்கு மட்டும் நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். நீரின் மேல் குறுக்கும் மறுக்குமாக ஓடும் சாம்பல்நிறப் பட்டைகள் காற்றின் வேலைதான். ஆனால் எலியாஸ் லோன்ரோட் நாட்டுப்பாடல்களைத் தொகுத்து 1835-இல் வெளியிட்ட, பின்லாந்தின் தேசியக் காவியமான 'கலேவலா'வை அறிந்தவர்கள், அவற்றில் அதன் நாயகன் வைனமொய்னனின் படகு விட்டுச்சென்ற தடத்தையும் காண்கிறார்கள். இரண்டையும் ஏற்பதே சரி என்பது என் கருத்து. ஒவ்வொரு அலையிலும் அரசியல் தேடத் தொடங்கினால், ஓவியம் வெறும் சுவரொட்டியாகிவிடும்.

'கஸ்கி' ஹெல்சிங்கியின் அதெனியம் அருங்காட்சியகத்திலும், கெய்தேலே ஓவியத்தின் ஒரு வடிவம் லண்டன் நேஷனல் கேலரியிலும் உள்ளன. கோலி 1991 முதல் தேசியப் பூங்கா. அங்கே பயணிகள் எடுக்கும் ஒளிப்படங்களை ஓவியங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாரும் சொல்லித்தராமலே, ஓவியர்கள் பார்த்த அதே திசையில்தான் பலரும் கேமராவைத் திருப்பியிருப்பார்கள்.