செபத்தை இன்னொரு வேலையாக்காதீர்கள்: வன்னித் தாய்மார் தவிர்க்கக்கூடிய சில தவறுகள்

வன்னியில் ஒரு தாயின் நாள் எப்படிப் போகிறது என்பதை இங்கே உள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. விடியுமுன் எழும்பிச் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தப்படுத்திவிட்டு ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். வயலுக்கும் கச்சான் தோட்டத்துக்கும் கூலிக்குப் போகிறவர்கள், முல்லைத்தீவு, மன்னார்க் கரைகளில் கருவாடு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2009இல் முடிந்த போருக்குப் பிறகு கணவன் துணையில்லாமல் வீட்டைத் தனியே நடத்துகிற பெண்கள் இல்லாத ஊரே இல்லை. இவர்களில் கிறிஸ்தவத் தாய்மாரிடம் விசுவாச வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால், முதலில் வருவது ஒரு மன்னிப்புத்தான்: "செபிக்க நேரமே கிடைக்குதில்லை."

அந்த மன்னிப்பில் பெரும்பகுதி தேவையற்றது என்பதுதான் என் நம்பிக்கை. விசுவாசம் குறைந்ததால் வருகிற சோர்வு ஒன்று உண்டு. ஆனால் நம் தாய்மாரிடம் நான் அதிகம் காண்பது வேறு: கடவுளையும் செய்து முடிக்க வேண்டிய வேலைகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டதால் வருகிற சோர்வு. கீழே உள்ள தவறுகளில் பல அங்கிருந்துதான் முளைக்கின்றன.

விட்ட செபத்துக்குக் கணக்கு வைப்பது

நுண்கடன் எடுத்தவர்களுக்குத் தெரியும், இரண்டு கிழமை தவணை தவறினால் காசு சேர்க்க வருகிற ஆளின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதுமே வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளத் தோன்றும். செபமாலை இரண்டு கிழமை விட்டுப்போனால் கடவுளிடமும் அப்படித்தான் ஒளிகிறோம். "எல்லாம் ஒழுங்கான பிறகு திரும்பத் தொடங்குவம்" என்று தள்ளிப் போடுகிறோம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் எல்லாம் ஒழுங்காகிற நாள் எப்போது வரப்போகிறது?

விட்டதைப் பிடிக்க முயலாதீர்கள். செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் சொல்ல முடியாத இரவில் அதில் ஒரு பத்து மணி மட்டும் சொன்னால் போதும். அதுவும் முடியாதென்றால் பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுப் படுங்கள். பேச்சுக்கு நேரம் ஒதுக்கச் சொல்லாமல், வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்பும்போதும் என் வார்த்தைகளைப் பிள்ளைகளோடு பேசு என்றுதான் உபாகமம் 6ஆம் அதிகாரம் சொல்கிறது. முன்பள்ளிக்குக் கைபிடித்துக் கூட்டிப்போகிற அந்த ஒழுங்கையும் வழிதான். அங்கே மயிலைக் கண்டு பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வதும் மறைக்கல்விதான்.

மார்த்தாவைக் குற்றவாளியாக்குவது

லூக்கா 10இல் வருகிற மார்த்தா, மரியா கதையைக் கேட்டுவிட்டு எத்தனை பெண்கள் தலைகுனிந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்! சமைத்தவள் பிழை, காலடியில் இருந்து கேட்டவள் சரி என்று அந்தக் கதையைச் சுருக்கிவிடுகிறோம். இயேசு மார்த்தாவிடம் சொன்னது, நீ பலவற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்பது. சமைக்காதே என்று அவர் சொல்லவில்லை. அப்புறம் யோவான் 11ஐப் பாருங்கள். சகோதரன் லாசர் இறந்து நாலு நாளாகிவிட்டது, மரியா வீட்டில் இருக்கிறாள், எழும்பி வழிக்குப் போய் இயேசுவைச் சந்தித்தவள் மார்த்தா. "நீர் இங்கே இருந்திருந்தால்" என்று முகத்துக்கு நேரே குறை சொல்கிறாள். அதே மூச்சில், நீரே மெசியா, இறைமகன் என்று அறிக்கையிடுகிறாள். பேதுரு சொன்ன அதே விசுவாச அறிக்கை, அடுப்படியில் நின்ற ஒரு பெண்ணின் வாயிலிருந்து வந்தது. வேலை செய்கிற கை விசுவாசத்துக்குத் தடையில்லை. கலக்கம்தான் தடை, அதைத்தான் அவரிடம் கொண்டுபோக வேண்டும்.

களைப்பையும் நோயையும் அவிசுவாசம் என்று நினைப்பது

இதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிற தவறு. பிள்ளை பெற்ற ஒரு பெண் காரணமில்லாமல் அழுகிறாள், பிள்ளையைத் தூக்க மனமில்லை என்கிறாள், நித்திரை வருவதில்லை என்கிறாள். உடனே ஒருவர், "செபம் காணாது, அதுதான்" என்பார். இன்னொருவர் பேய் என்பார். பிறகு ஒரு முழு இரவு செபத்துக்குக் கூட்டிப்போவார்கள். ஏற்கெனவே நித்திரையில்லாதவள் அங்கும் விழித்திருப்பாள்.

பிரசவத்துக்குப் பிறகு முதல் சில நாட்கள் அழுகையும் எரிச்சலும் பல பெண்களுக்கு வரும். அது பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் தானாகத் தணிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தால், அல்லது தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலே போதும், அது மருந்தும் கவனிப்பும் தேவைப்படுகிற நோய். பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வருகிற மிட்வைஃப்பிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியிலும் பேசலாம். காய்ச்சலுக்குப் பனடோல் போடுவதை நாம் அவிசுவாசம் என்று சொல்வதில்லையே.

நோய் இல்லை, வெறும் களைப்புத்தான் என்றாலும் வேதாகமம் நம் பக்கம்தான் நிற்கிறது. எலியா இறைவாக்கினர் ஓடிக் களைத்து, ஒரு செடியின் கீழ் விழுந்து, "போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்று மன்றாடினார். வானதூதர் வந்து போதனை செய்யவில்லை. எழுந்து சாப்பிடு என்றார். சுட்ட அப்பமும் ஒரு குவளை தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பவும் படுத்துக்கொண்டார். அதற்கும் கண்டிப்பு வரவில்லை, இரண்டாம் முறையும் சாப்பாடுதான் வந்தது, போகிற தூரம் அதிகம் என்ற வார்த்தையோடு. கடவுளோடு பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். சோர்ந்த ஒரு தாயைச் சந்திக்கப் போகிறவர்கள் வசனத்தோடு ஒரு சட்டிக் கறியும் கொண்டுபோனால் நல்லது. அவள் ஒரு மணித்தியாலம் படுக்கட்டும், நீங்கள் பிள்ளையை வைத்திருங்கள்.

இதே வகையில் இன்னும் இரண்டு. பால் கொடுக்கிற தாயும் கர்ப்பிணியும் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருப்பது பக்தி இல்லை, அது பிள்ளையின் பங்கையும் சேர்த்துக் குறைப்பது. கைக்குழந்தைக்குச் சுகமில்லாத ஞாயிறில் பூசைக்குப் போக முடியவில்லையே என்று கத்தோலிக்கத் தாய்மார் வருந்துவதும் தேவையில்லை. ஞாயிறு கடமையிலிருந்து விலக்குத் தரும் காரணங்களுக்கு உதாரணமாக, நோயோடு குழந்தைப் பராமரிப்பையும் திருச்சபையின் மறைக்கல்வி நூலே சொல்கிறது.

சிரிக்கப் பயப்படுவது

மகிழ்ச்சியைப் பற்றி வன்னியில் பேசும்போது கவனமாகப் பேச வேண்டும். இங்கே பல வீடுகளில் சுவரில் மாலை போட்ட படம் இருக்கிறது. சில வீடுகளில் மாலை போடவும் மனம் வராத படம் இருக்கிறது, ஏனென்றால் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் இருந்த எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். இப்படியான மண்ணில் "எப்பொழுதும் மகிழ்ந்திருங்கள்" என்ற வசனத்தை அவசரப்பட்டுச் சொல்வது காயத்தில் கை வைப்பதாகும்.

ஆனால் எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. போனவர்களுக்குச் செய்கிற துரோகம் என்று நினைத்து, இருக்கிற பிள்ளைகளோடு சிரிக்காமல் இருந்துவிடுவது. அண்ணன் இருந்திருந்தால் என்ற நினைப்போடு தங்கச்சியின் பிறந்தநாள் ஒவ்வொரு வருடமும் அமைதியாகவே கடந்துபோகிறது. அந்தத் தங்கச்சியும் ஒரு பிள்ளைதானே. லாசரை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கல்லறையருகே அழுதார். அதே இயேசு கானாவூர்க் கலியாண வீட்டில் திராட்சை இரசம் தீர்ந்தபோது அந்தக் கொண்டாட்டம் நின்றுபோக விடவில்லை. திருப்பாடல்களில் புலம்பல்களும் இருக்கின்றன, துள்ளலும் இருக்கிறது, சில இடங்களில் ஒரே பாடலிலேயே இரண்டும் வருகின்றன. மே மாதம் போரில் போனவர்களுக்காக மெழுகுதிரி கொளுத்தி அழுங்கள். மார்கழியில் பிள்ளைகளோடு பாலன் குடில் கட்டுங்கள். இரண்டையும் ஒரே வீட்டில் செய்யலாம்.

கொண்டாட்டத்துக்குக் கடன்படுவது

முதல் நன்மைக்கு வெள்ளைச் சட்டை வேண்டும், சரி. மண்டபமும் மூன்று தட்டுக் கேக்கும் வீடியோவும் யாருக்கு? நற்கருணை வாங்குகிற பிள்ளைக்கு இல்லை. அந்த ஒரு நாளுக்காக எடுத்த கடனைக் கட்ட மேலதிக நேர வேலைக்குப் போய், பிள்ளையோடு இருந்த மாலைகளையும் இழக்கிற தாய்மார் இருக்கிறார்கள். உறவுகள் கதைப்பார்கள்தான், கதைக்கட்டும். இதில் பங்குத்தந்தையோ பாஸ்டரோ ஒரு வார்த்தை வெளிப்படையாகச் சொன்னால் பல வீடுகள் தப்பும்.

எல்லாவற்றையும் தானே தூக்குவது

வீட்டில் செபம் சொல்ல வைப்பதும் அம்மா, மறைக்கல்விப் பாடம் பார்ப்பதும் அம்மா, கோயில் கூட்டுவதற்கும் மாதர் சங்கத்துக்கும் அயல் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற அன்பியத்துக்கும் போவதும் அம்மா. அப்பா வாசலில் இருந்து ஃபோன் பார்க்கிறார். எபேசியர் 6இல் பிள்ளைகளை ஆண்டவருக்குள் வளர்க்கும்படி பவுல் பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுப்பது தகப்பன்மாருக்கு.

மோசேயும் ஒருமுறை வெடித்துவிட்டார். இந்த மக்களை நானா கருவுற்றேன், பால்குடிப் பிள்ளையைச் சுமப்பதுபோல் நானா இவர்களைச் சுமக்க வேண்டும் என்று கடவுளிடமே கேட்டார். எண்ணிக்கை நூல் 11இல் இருக்கிறது. கடவுள் அவருக்குப் பொறுமையைப் பற்றிப் பாடம் எடுக்கவில்லை. எழுபது பேரைச் சேர், பாரத்தை அவர்களும் சுமக்கட்டும் என்றார். உங்களுக்கு எழுபது பேர் தேவையில்லை. பத்து வயது மகன் தேங்காய் துருவலாம், பாத்திரம் கழுவலாம். தங்கச்சியை மட்டும் கூப்பிடுகிற பழக்கத்தை நிறுத்தினால் போதும். கணவர் ஒரு கிழமைக்கு இரவுச் செபத்தை நடத்தட்டும், தடுமாறினாலும் பரவாயில்லை. துணையில்லாத தாய்க்கு இது பொருந்தாது. அவளுக்கு அந்த எழுபது பேராக இருக்க வேண்டியது அவளுடைய அன்பியமும் சபையும்தான், அவளை இன்னொரு குழுவில் சேர்ப்பது உதவியாகாது.

மடு மாதா கோயிலுக்குப் போகிற குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆவணித் திருவிழாவுக்கு லாண்ட்மாஸ்டரில் சட்டி பானையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய், மரத்தடியில் கூடாரம் போட்டு, நவநாள் முழுக்க அங்கும் அடுப்புக்கு முன்னால் நிற்பது அம்மாதான். மற்றவர்கள் மாதாவைப் பார்த்துவிட்டு வந்து தேத்தண்ணி கேட்பார்கள். வீட்டை விட்டு வெளிக்கிட முதலே யார் எந்த நேரம் சமைப்பது என்று பிரித்துவிடுங்கள். 14ஆம் திகதி வேஸ்பர் என்கிற மாலை ஆராதனைக்கு அம்மா போகட்டும், அன்றைக்கு இரவுச் சாப்பாடு பாணும் சம்பலும் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.