எல்.இ.டி.க்கு மாற்றியபின் இண்டிகேட்டர் படபடத்தால்

வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த பெங்களூரு ஜே.சி. ரோட்டில் எல்.இ.டி. பல்பு வாங்கி வண்டியில் மாட்டிய பலரும் முதலில் காண்பது, இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாகத் துடிப்பதைத்தான். 21 வாட் பழைய பல்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும், எல்.இ.டி. அதில் சிறு பங்கையே இழுப்பதால், பல்பு பீஸாகிவிட்டதென்று, இண்டிகேட்டரைத் துடிக்க வைக்கும் பிளாஷர் எடுத்துக்கொள்கிறது. பிளாஷர் தனி ரிலேயாக இருக்கும் வண்டியில், எல்.இ.டி.க்கு ஏற்ற ரிலேயை மாற்றுவதே என் பார்வையில் சரியான வழி.

கம்ப்யூட்டரே விளக்குகளைக் கட்டுப்படுத்தும் வண்டிகளில், பழைய பல்பைப்போல் கூடுதல் மின்சாரம் இழுக்கும் 6 ஓம், 50 வாட் லோடு ரெசிஸ்டரை ஒவ்வொரு இண்டிகேட்டர் பல்புக்கும் இணையாக இணைக்கலாம். ஆனால் அது கைவைக்க முடியாத அளவுக்குச் சூடாகும் என்பதால், பிளாஸ்டிக்கிலோ வயர்க் கட்டிலோ படாமல் உலோகத் தகட்டில்தான் திருகிப் பொருத்த வேண்டும். (மின்சாரம் மிச்சமாகும் என்று மாற்றியவர்களுக்கு இது சற்றுக் கசக்கும்.)

பல்பு எரியவே இல்லையென்றால், கழற்றித் திருப்பி மாட்டிப் பாருங்கள், எல்.இ.டி.க்குப் பிளஸ், மைனஸ் உண்டு. பிரேக் மிதிக்கும்போது பக்கத்து விளக்கும் மங்கலாக ஒளிர்ந்தால் எர்த்தை, அதாவது விளக்கை வண்டியின் உடல் வழியே பேட்டரியின் மைனஸோடு சேர்க்கும் இணைப்பை, சந்தேகியுங்கள். விளக்கு எரியும்போது, சாக்கெட்டின் எர்த் முனைக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையே மல்டிமீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் வந்தாலே அந்த எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள்.